அலகைப் பார்த்து உணவைச் சொல்லிவிட முடியுமா?

#1 இறகுப்பேனா

எல்லோருக்கும் வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சுவரில் மாட்டும் படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். இடப்பக்கம் அலகுகள், வலப்பக்கம் உணவு, பிள்ளைகள் கோடு போட்டு இணைக்க வேண்டும். கிளிக்குக் கொட்டை, பருந்துக்கு இறைச்சி, மரங்கொத்திக்குப் பட்டைக்குள் இருக்கும் புழு, தேன்சிட்டுக்குத் தேன். இதுவரை சிக்கல் இல்லை.

காகத்தையும் மைனாவையும் எங்கே வைப்பது என்று யோசித்தபோதுதான் தடுமாற்றம் வந்தது. அவை எதைத்தான் தின்னாது? அப்புறம் கிளியே பூவில் தேன் குடிக்கிறது. தேன்சிட்டோ குஞ்சுகளுக்குச் சிலந்தியும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டுகிறது. "அலகைப் பார், உணவைச் சொல்" என்று தலைப்பு வைக்க நினைத்திருக்கிறேன். வைக்கலாமா? பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

#2 கூடுதேடி

தாராளமாக வைக்கலாம் அக்கா. விதிவிலக்கு எதில்தான் இல்லை? வல்லூறின் மேலலகு ஓரத்தில் பல் மாதிரி ஒரு கூர்முனை இருக்கும். பிடித்த பறவையின் கழுத்தெலும்பை அங்கே கொடுத்துத்தான் கடித்து முறிக்கும். கீச்சானுக்கும் அதே மாதிரி உண்டு. இரண்டும் நெருங்கிய உறவே இல்லை. தொழில் ஒன்று என்பதால் கருவியும் ஒன்றாகிவிட்டது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

#3 அலகுநோக்கி

கூடுதேடி அண்ணா, வல்லூறும் கீச்சானும் அருமையான உதாரணம். ஆனால் கிளி தேன் குடிப்பதை விதிவிலக்கு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை ஒதுக்கினால் இந்த விஷயத்தின் சுவையான பகுதியே போய்விடும்.

அக்கா, நான் பிள்ளைகளுக்குச் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: எல்லாம் கிடைக்கும் காலத்தில் பறவை எதை வேண்டுமானாலும் தின்னும். வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் எதைத் தின்று பிழைக்கிறதோ, அதைத்தான் அலகு காட்டுகிறது.

இதற்குச் சான்று பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே பல பத்தாண்டுகள் தங்கித் தங்கி ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குருவியையும் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீளம், உயரம் (மேலிருந்து கீழாகத் தடிமன்), அகலம் மூன்றையும் அளந்து விட்டுவிடுவார்கள். எல்லாம் டார்வின் பெயரால் அழைக்கப்படும் ஃபிஞ்ச் குருவிகள்.

மழைக்காலத்தில் பார்த்தால் பெரிய அலகுக் குருவி, சின்ன அலகுக் குருவி எல்லாம் ஒரே பந்தியில்தான் உட்காரும். புழுவும் மென்மையான சின்ன விதையும் ஏராளமாகக் கிடைக்கும்போது யார் கடினமான கொட்டையோடு மல்லுக்கட்டுவார்கள்? அந்த மாதங்களில் மட்டும் அங்கே போனவர், அலகுக்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிட்டு வந்திருப்பார்.

1977-இல் மழை பொய்த்தது. அந்த ஃபிஞ்ச்களில் ஒன்றான நடுத்தரத் தரைக்குருவி என்ற இனம் முதலில் சின்ன விதைகளைத் தின்று தீர்த்தது. மிஞ்சியதில் முக்கியமானது ஒரு நெருஞ்சி இனத்தின் முள்காய். அதை அந்தக் குருவி எப்படித் தின்கிறது என்பதைக் கவனியுங்கள். காயை அலகின் நுனியில் வைத்துக் கடிப்பதில்லை. அடிவாய்க்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் கவ்வி, திருகி ஒரு மூலையைப் பிய்த்தெடுக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் விதையில் ஒன்றிரண்டை நோண்டி எடுக்கும். உயரம் குறைந்த அலகுக்கு இந்தத் திருகல் சாத்தியமே இல்லை. அந்த இனத்தில் சுமார் 85 விழுக்காடு அழிந்துபோனது. பிழைத்தவற்றின் சராசரி அலகு உயரம் முன்னைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன.

அரை மில்லிமீட்டர்தான். அதில் இருந்தது உயிர்.

#4 பனித்துளி

அப்படியானால் வறட்சி வரவர அலகு பெருத்துக்கொண்டே போக வேண்டுமே? ஏன் போகவில்லை?

#5 அலகுநோக்கி

நல்ல கேள்வி தம்பி. 1982-83-இல் எல் நினோவால் தீவில் மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடிவிட்டன, சின்ன விதைகள் பெருகின. அதற்குப் பின் வந்த வறண்ட ஆண்டுகளில் சின்ன அலகுக்காரர்கள் நன்றாகப் பிழைத்தார்கள். தடித்த அலகு சின்ன விதையைப் பொறுக்குவதில் மெதுவாக இருக்கும், உடம்பும் பெரிது, சாப்பாடும் அதிகம் வேண்டும்.

இன்னொரு திருப்பமும் உண்டு. அதே 1982 வாக்கில் பெரிய தரைக்குருவி என்ற வேறொரு இனம் அந்தத் தீவில் குடியேறியது. நெருஞ்சிக் காயை அது ஒரே கடியில் உடைத்து எல்லா விதையையும் எடுத்துவிடும். 2003-இல் மறுபடி வறட்சி தொடங்கியபோது நெருஞ்சியை அதுவே காலி செய்துவிட்டது. இந்த முறை நடுத்தரக் குருவியில் செத்தவை தடித்த அலகுக்காரர்கள், பிழைத்தவை சின்ன அலகுக்காரர்கள். வறட்சி அதேதான், ஆனால் விளைவு நேர் எதிர். பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதும் அலகைத் தீர்மானிக்கிறது.

#6 வெள்ளலகு

அலகுநோக்கி, ஃபிஞ்ச் குருவிகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். எல்லாப் பறவைக்கும் அதையே சட்டமாக்கிவிட வேண்டாம். பூநாரையைப் பாருங்கள். செழிப்போ பஞ்சமோ, அந்த அலகால் வேறென்ன செய்துவிட முடியும்?

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறது. மற்றப் பறவைகளில் மேலலகு பெரிதாகவும் கீழலகு மெலிந்தும் இருக்கும். இதில் கீழலகு ஆழமான தொட்டி மாதிரி, மேலலகு மெல்லிய மூடி மாதிரி. நடுவில் அலகு சட்டென்று வளைவதால் வாயைக் கொஞ்சம் திறந்தாலும் நுனியிலிருந்து அடிவரை இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் வேகமாக ஓடி நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் உள்விளிம்பில் வரிசை வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளில் உணவு தங்கிவிடும்.

பெரிய பூநாரையின் தகடுகளுக்கு இடையே இடைவெளி அதிகம், அதனால் சிறு இறால் வகைகளும் பூச்சிப் புழுக்களும் மாட்டும். சிறிய பூநாரையின் தகடுகள் மிக நெருக்கம், கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசியையே அது வடித்துவிடும். இரண்டும் ஒரே ஏரியில் நின்றாலும் ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைப்பது குறைவு.

குஞ்சு பொரிக்கும்போது அலகு நேராகவே இருக்கிறது. பெற்றோர் தங்கள் உணவுப்பாதையில் சுரந்து ஊட்டும் பால் போன்ற திரவத்தைக் குடித்து வளர வளரத்தான் வளைவு வருகிறது.

#7 அலகுநோக்கி

உண்மைதான் ஐயா, பூநாரை ஒரு கடைக்கோடி உதாரணம். அந்த அளவுக்குப் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை.

ஆனால் குறுக்கலகுக் குருவியை நினைத்துப் பாருங்கள். ஊசியிலைக் காடுகளில் வாழ்வது, மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று தாண்டிப் பின்னியிருக்கும். சில பறவைகளில் கீழலகு இடமாகப் போகும், சிலவற்றில் வலமாக. மூடிய பைன் காயின் செதில்களுக்கு நடுவே நுனியை நுழைத்து, கீழலகைப் பக்கவாட்டில் தள்ளினால் செதில் விலகும், நாக்கு விதையை எடுத்துக்கொள்ளும். இதைவிட ஒரே வேலைக்கென்று செய்த அலகு உண்டா என்று தோன்றும்.

1991-இல் வெளிவந்த ஒரு சோதனையில் அந்தப் பின்னிய நுனிகளை மட்டும் நகம் வெட்டுவது போல வெட்டிவிட்டார்கள், வலி இல்லை, மறுபடி வளர்ந்துவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் காய்களிலிருந்து அந்தக் குருவிகள் வழக்கம்போல விதை எடுத்தன. மூடிய காய்களிடம் தோற்றன. நுனி வளர வளர அந்தத் திறமையும் திரும்பி வந்தது. காய் திறந்திருக்கும் பருவத்தில் சாதாரண அலகே போதும், மூடியிருக்கும் மாதங்களுக்காகத்தான் அந்தப் பின்னல்.

#8 மணல்மேடு

கரைப்பறவைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன்.

அலகை எல்லோரும் இடுக்கியாகவே பார்க்கிறோம். உள்ளான் வகைகளுக்கு அது விரல் நுனியும்கூட. நுனி எலும்பில் நுண்குழிகள் நிறைந்திருக்கும், ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை உணரும் முனைகள். நாட் என்ற உள்ளானை வைத்து 1998-இல் ஒரு ஆய்வு வந்தது. ஈர மணலில் அலகைச் செருகும்போது நீரில் அழுத்த அலை உண்டாகிறது. புதைந்திருக்கும் சிப்பி அந்த அலையைத் தடுக்கிறது. அந்த வேறுபாட்டைப் பறவை உணர்ந்து, அலகு தொடாத தூரத்தில் இருக்கும் சிப்பியையும் கண்டுபிடிக்கிறது. சிப்பிக்குப் பதில் கல்லைப் புதைத்தாலும் கண்டுபிடித்தது, ஆகவே வாசனையோ அசைவோ காரணம் இல்லை. மணல் காய்ந்திருந்தால் இந்த வித்தை பலிக்கவில்லை.

நீள அலகுக்காரர்களுக்கு இன்னொரு வசதி. சேற்றுக்குள் முழு அலகையும் திறக்க எவ்வளவு பலம் வேண்டும்? அதனால் அடிப்பாகம் மூடியபடியே இருக்க, மேலலகின் நுனி மட்டும் மேலே வளைந்து திறக்கும். புழுவைக் கவ்வி அப்படியே உருவிவிடும்.

என் மனதுக்கு மிகப் பிடித்தது சிப்பிபிடிப்பான். சிவப்பு அலகு, கறுப்பு வெள்ளை உடம்பு. ஒரே இனத்தில் மூன்று விதமான நுனிகளைப் பார்க்கலாம். சேற்றில் புழு தேடும் பறவைக்குக் கூரான நுனி. சிப்பியைத் தட்டி உடைக்கும் பறவைக்கு மழுங்கிய நுனி. இடுக்கில் செருகி தசையை அறுக்கும் பறவைக்கு உளி மாதிரித் தட்டையான நுனி. இவை பிறவியில் வந்தவை இல்லை. அலகின் மேலுறை கெரட்டின், நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பது, இந்தப் பறவையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர். வேலை எப்படியோ தேய்மானமும் அப்படி. உணவை மாற்றினால் சில வாரங்களிலேயே நுனியின் வடிவம் மாறிவிடுகிறது.

அதாவது இங்கே அலகு உணவைத் தேர்ந்தெடுக்கவில்லை, உணவு அலகைச் செதுக்குகிறது. இறகுப்பேனா அக்கா, உங்கள் படத்தில் கோட்டின் இரண்டு முனையிலும் அம்புக்குறி போடுங்கள்.

#9 பனித்துளி

மரங்கொத்திக்கு மண்டைக்குள் அதிர்வு தாங்கும் பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறது என்று படித்தேன். அதையும் படத்தில் சேர்க்கலாமே?

#10 வெள்ளலகு

அதைச் சேர்க்க வேண்டாம் தம்பி. 2022-இல் மூன்று மரங்கொத்தி இனங்களை அதிவேகக் காணொளியில் பதிவு செய்து பார்த்தார்கள். அலகு நிற்கும் அதே கணத்தில் மண்டையும் நிற்கிறது, நடுவில் எதுவும் அதிர்வை வாங்கிக்கொள்ளவில்லை. யோசித்தால் நியாயம்தான். அதிர்வை உறிஞ்சினால் மரத்தில் விழும் அடி பலவீனமாகிவிடுமே. மூளை மிகச் சிறியது என்பதால் அந்த வேகம் அதற்கு ஆபத்தில்லை.

சேர்ப்பதென்றால் நாக்கைச் சேருங்கள். நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் தொண்டையிலிருந்து பின்னால் போய், மண்டையோட்டைச் சுற்றிக்கொண்டு நெற்றிப்பக்கம் வந்து முடியும். அதனால்தான் அலகைத் தாண்டி அத்தனை நீளம் நீட்ட முடிகிறது. பல இனங்களில் நுனியில் முள் இருக்கும், புழுவைக் குத்தி இழுக்க. மரச்சாறு குடிக்கும் இனங்களில் நாக்கு நுனி தூரிகை மாதிரி. அலகு துளை போடுவதோடு சரி, சாப்பாட்டை எடுப்பது நாக்கு.

ஹம்மிங் பறவையும் இப்படித்தான். நுண்குழாயில் நீர் தானாக ஏறுவது போல நாக்கில் தேன் ஏறுகிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2011-இல் வந்த காணொளி ஆய்வு வேறு கதை சொன்னது. தேனில் பட்டதும் நாக்கின் இரட்டை நுனி பிரிந்து, ஓரத்து இழைகள் விரிகின்றன. வெளியே இழுக்கும்போது அவை சுருண்டு தேனைச் சிறைபிடிக்கின்றன.

#11 நீள்வால்

தாமதமாக வருகிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்த இழையில் எல்லோரும் அலகை வெறும் வாயாகவே நினைக்கிறோம். பறவைக்கு முன்கை கிடையாது, அது சிறகாகிவிட்டது. கூடு கட்ட, சண்டை போட, குஞ்சுக்கு ஊட்ட, இறகு கோத எல்லாவற்றுக்கும் அலகுதான்.

மாடப்புறாவின் மேலலகு நுனி கீழலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொங்கும். 2005-இல் வந்த ஒரு ஆய்வில் அதை மட்டும் வெட்டிவிட்டார்கள். புறாக்கள் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இறகுகளில் பேன் பெருகிவிட்டது. அந்தச் சின்ன நீட்டம் பேனை நசுக்குவதற்கு.

டூக்கன் பறவையின் ராட்சத அலகைப் பழம் பறிக்கத்தான் என்று எல்லாப் பாடத்திலும் எழுதுகிறார்கள். 2009-இல் வெப்பப்படக் கருவியால் பார்த்தபோது, வெயில் ஏறினால் அலகுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது, குளிர்ந்தால் குறைத்துக்கொள்கிறது என்று தெரிந்தது.

பருந்து, கழுகு போன்ற கொன்றுண்ணிப் பறவைகளை எடுத்துக்கொண்டு 2016-இல் அளந்தவர்கள், அலகு வடிவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உடல் அளவும் மண்டையோட்டின் அமைப்பும்தான், உணவின் பங்கு குறைவு என்று கண்டார்கள். கூடுதேடி காட்டிய வல்லூறுக் கூர்முனை சரியே. ஆனால் மொத்த வடிவமும் உணவுக்காகவே என்று சொல்லிவிட முடியாது.

#12 அலகுநோக்கி

இதை முழு மனதோடு ஏற்கிறேன் நீள்வால். ஒன்று சேர்க்கிறேன். ஃபிஞ்ச் குருவிகளில் அலகு தடித்தால் பாட்டின் வேகமும் குறைகிறது, அந்த அலகை வேகமாகத் திறந்து மூட முடிவதில்லை. பெண் குருவி பாட்டைக் கேட்டுத்தான் துணை தேடுகிறது. கொட்டை உடைக்கப் பெருத்த அலகு கடைசியில் கல்யாணத்திலும் தலையிடுகிறது!

#13 கூடுதேடி

நத்தைகுத்தி நாரையை விட்டுவிட்டோமே. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். நத்தை ஓட்டை அதில் வைத்து பாக்குவெட்டி மாதிரி நறுக்கும் என்பார்கள். பஞ்சம், செழிப்பு என்று எந்தக் கணக்கும் வேண்டாம், அதற்கு எந்நாளும் நத்தைதான்.

#14 மணல்மேடு

நத்தைதான் முக்கிய உணவு என்பது சரி அண்ணா, நறுக்குவது என்பது மட்டும் சரியில்லை. அது சாப்பிட்ட இடத்தில் கிடக்கும் ஓடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். மேலலகு நுனியால் நத்தையைத் தரையில் அழுத்திப் பிடித்து, மெலிந்த கீழலகு நுனியை, ஓட்டின் வாயை அடைக்கும் மூடிக்குக் கீழே நுழைத்து, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுக்கிறது. அப்புறம் ஒரு உதறல், சதை தனியே வந்துவிடும். முக்கால்வாசி வேலை தண்ணீருக்கு அடியிலேயே முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இளம் பறவைக்கு அந்தச் சந்தே இருக்காது, வளரும்போதுதான் வரும். சந்து இல்லாத வயதிலும் அவை நத்தையைத் தின்கின்றன.

நத்தை என்றதும் ஃபுளோரிடாவின் நத்தைப் பருந்து நினைவுக்கு வருகிறது. உள்ளூர் ஆப்பிள் நத்தையை எடுக்க மெலிந்து வளைந்த அலகு அதற்கு. வெளியிலிருந்து புகுந்த, பல மடங்கு பெரிய நத்தை அங்கே பரவியது. இளம் பருந்துகள் அதைக் கையாள முடியாமல் திணறின, இனமே அழிந்துவிடும் என்று பயந்தார்கள். பத்தாண்டுக்குள் பருந்தின் உடலும் அலகும் சராசரியில் பெரிதாகிவிட்டதை அளந்து காட்டினார்கள்.

#15 இறகுப்பேனா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன்: "இந்த அலகால் என்னென்ன செய்யலாம்?" வலப்பக்கம் இரண்டு பத்தி, எல்லாம் கிடைக்கும் காலத்தில், எதுவும் கிடைக்காத காலத்தில். அடியில் இறகு கோதுதல், கூடு கட்டுதல், சூடு தணித்தல். மணல்மேடு சொன்ன இரட்டை அம்புக்குறியும் உண்டு. மரங்கொத்திக்கு நாக்கைத் தனியாக வரைகிறேன்.

காகத்துக்கும் மைனாவுக்கும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

#16 வெள்ளலகு

மைனா குடும்பத்துக்கு இடம் இருக்கிறது அம்மா. அதே குடும்பத்தின் ஐரோப்பிய ஸ்டார்லிங்கைக் கவனித்தவர்கள் சொல்வது இது: மூடிய அலகைப் புல்வேரில் செருகி, உள்ளேயே பலமாகத் திறக்கும். மற்றப் பறவைகளுக்குக் கடிக்கும் தசை பலம், இதற்குத் திறக்கும் தசையும் பலம். மண் விலகியதும் இரண்டு கண்களும் முன்பக்கம் திரும்பி, திறந்த அலகுக்கு நடுவே குழிக்குள் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிறப்பும் இல்லாத நேர் அலகு. சிறப்பு தசையிலும் கண்ணிலும் இருக்கிறது.

காகத்தை எல்லாக் கட்டங்களையும் தொடும்படி நடுவில் வரையுங்கள். நியூ கலிடோனியாக் காகம் நேரான அலகால் குச்சியைப் பிடித்து, மரத்துளைக்குள் இருக்கும் புழுவை வெளியே எடுக்கிறது. அலகுக்கு எட்டாததைக் குச்சி எட்டும்.

#17 பனித்துளி

கூழைக்கடா வரைகிறீர்களா அக்கா? பை நிறைய மீன் இருப்பது போல வரைந்தால் அழகாக இருக்குமே.

#18 மணல்மேடு

அப்படி வரைய வேண்டாம் தம்பி. அந்தப் பை சேமிப்புக்கு இல்லை, அது அள்ளும் வலை. நீரோடு மீனையும் அள்ளும்போது கீழலகின் இரண்டு எலும்புகளும் வில்லாக விரிந்து பை பெருக்கும். பத்து லிட்டருக்கும் மேலே கொள்ளும் இனங்கள் உண்டு. அந்தக் கனத்தோடு பறக்கவே முடியாது. அதனால் அலகை மார்போடு அழுத்தி, தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, தலையைத் தூக்கி மீனை விழுங்கிய பிறகுதான் கிளம்பும். குஞ்சுக்குக் கொடுப்பதும் வயிற்றிலிருந்து கக்கித்தான். வரைவதானால் அலகு மார்பில் படிந்திருக்க, ஓரத்தில் தண்ணீர் வடிகிற மாதிரி வரையச் சொல்லுங்கள்.